கணக்கு தடுமாறுது, நடை சுருங்குது: மூளைக்கு ரத்த ஓட்டம் குறைவா?

கோத்தகிரி_மகள்:
அப்பாவுக்கு 71. ரொம்ப வருஷமா பிரஷர், சுகர். பேர், ஊர் எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா பச்சைத் தேயிலை எடைச்சீட்டைக் கூட்டத் திணறுறார், காலைத் தேய்ச்சு நடக்குறார். எம்ஆர்ஐ-யில் சின்ன ரத்தக்குழாய் பாதிப்புன்னு வந்திருக்கு. இது அல்சைமரா? மலை உயரம் காரணமா?

குன்னூர்_நரம்பியல்:
அல்சைமரை விட, ரத்தக்குழாய் பாதிப்பால வர்ற அறிவுத்திறன் குறைபாடுதான் அதிகம் பொருந்துது. ரெண்டும் சேர்ந்தே இருக்கறதும் சகஜம். மூளை உடல் எடையில 2 சதவீதம்தான், ஆனா ஆக்சிஜன்ல சுமார் 20 சதவீதம் அதுக்கே போகுது. ஆழத்துல இருக்கிற வெள்ளைப் பகுதிக்கு நீளமான மெல்லிய குழாய்கள்தான் ரத்தம் கொண்டுபோகுது. ஒண்ணு அடைஞ்சா பக்கத்துக் குழாய் கைகொடுக்காது. பல வருஷப் பிரஷர் அதோட சுவரைத் தடிப்பாக்கி உள்வழியைக் குறுக்கிடும். முன்மூளையை இணைக்கிற நரம்பிழைகள் அந்த வழியாத்தான் ஓடுது. அதனாலதான் ஞாபகத்துக்கு முன்னாடியே கணக்கு, திட்டமிடல், நடை அடிபடுது. சிறுநீரை அடக்க முடியாம ஓடுறாரான்னும் கவனிங்க.

கோத்தகிரி உயரத்துக்குப் பழகின உடம்பு, நுரையீரலும் நல்லா இருந்தா, உயரத்தைக் குத்தம் சொல்ல வேண்டாம். பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேத்தி_நர்ஸ்:
முதல்ல பிரஷரைச் சரியா அளங்க. நம்ம மலையில ஸ்வெட்டர் மேலேயே பட்டையைக் கட்டிடறாங்க. கையைச் சுருட்டிவிட்டாலும் இறுக்கிப் பிடிச்சு எண் மாறும். ஒரு கையை முழுசா வெளியே எடுத்து, தோள்ல கம்பளி போர்த்துங்க. குளிர்ல குழாய் சுருங்கி அளவு ஏறும். டீ குடிச்சு அரை மணி கழிச்சு, முதுகு சாய்ச்சு, 5 நிமிஷம் பேசாம இருந்து, கை நெஞ்சு மட்டத்துல. காலையில மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு தடவை, சாயந்திரம் ரெண்டு தடவை, 7 நாள். முதல் நாளை விட்டுட்டு, சராசரி 135/85-ஐத் தாண்டினா கட்டுப்பாடு போதலை.

நின்னும் அளக்கணும். 5 நிமிஷம் படுக்க வெச்சு ஒண்ணு, எழுந்து 1-வது, 3-வது நிமிஷத்துல ஒவ்வொண்ணு. மேல் எண் 20 இறங்கினா நிக்கும்போதெல்லாம் மூளைக்கு ரத்தம் குறையலாம். சுகர் உள்ளவங்களுக்கு இது அடிக்கடி வரும். மாத்திரையை நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உயர் பிரஷருக்குப் பழகின மூளை திடீர் இறக்கத்தைத் தாங்காது.

குன்னூர்_நரம்பியல்:
நர்ஸ் சொன்னது ரொம்ப முக்கியம். 2019-ல வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வுல, மேல் எண்ணை 120-க்குக் கீழே குறிவெச்சவங்களுக்கு லேசான அறிவுத்திறன் குறைபாடு 19 சதவீதம் குறைவு. ஆனா அதுல சுகர் உள்ளவங்களைச் சேர்க்கலை, அதனால அப்பாவோட இலக்கை டாக்டர்தான் முடிவு பண்ணணும். வைட்டமின் பி12, தைராய்டு, ஈசிஜி பரிசோதனை கேளுங்க. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை பி12-ஐக் குறைக்கும். பக்கவாதமோ மாரடைப்போ வராதவர்னா ஞாபகத்துக்காக ஆஸ்பிரின் வேண்டாம், பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் மிச்சம். ஞாபகத்துக்குன்னு விக்கிற ஜிங்கோ மூலிகை மாத்திரையும் வீண் செலவு.

வாய் கோணினா, ஒரு கை தளர்ந்தா, பேச்சு குழறினா உடனே 108. மூளைக்குழாய்ல அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு வழக்கமா 4.5 மணி நேரம்தான். மலை இறங்குற நேரமும் அதுல சேர்த்தி.