நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை இறங்கறவங்களுக்கு: போனில் பஸ், மெட்ரோ பார்ப்பது எப்படி

கோத்தகிரியிலிருந்து:

நம்ம ஊரில் பஸ் ஒண்ணு மேலே போகும், இல்லாட்டி கீழே வரும். இருப்பது ஒரே ரோடு, கை காட்டினா வளைவில்கூட நிறுத்துவாங்க. சென்னையில் ஸ்டாப்தான் எல்லாமே. ஆப்பில் ஸ்டாப்பைச் சரியாகக் கொடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

'சென்னை ஒன்' ஆப் 2025 செப்டம்பரில் வந்தது. மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூணும் அதில் இருக்கு. மலை இறங்கும் முன்னாடியே ஓ.டி.பி. போட்டுப் பதிவை முடிச்சுடுங்க. வழியில் சிக்னல் விட்டு விட்டு வரும். லொகேஷன் அனுமதியில் 'துல்லியமான இடம்' ஆன் ஆகியிருக்கணும். பேட்டரி சேவரை அணைச்சுடுங்க. இல்லாட்டி நீங்க நிற்கும் இடத்தையே அடுத்த தெருவாகக் காட்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது திசையில். 29சி பஸ் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ஓடுது. ரோட்டின் இரண்டு பக்கமும் அதே நம்பர், பல இடத்தில் ஸ்டாப் பெயரும் அதேதான். பஸ் நம்பரைத் தொட்டு, இனி வரும் ஸ்டாப்புகளின் பட்டியலைப் பாருங்க. உங்க ஊர் அதில் இல்லைன்னா எதிர்ப்பக்கம் போகணும். ஏறும்போது நம்பரோடு போர்டில் கடைசி ஊரையும் படிங்க.

வரைபடத்தில் பஸ் ஓடும் புள்ளியை முழுசா நம்ப வேண்டாம். வண்டியிலுள்ள ஜி.பி.எஸ். கடைசியாக அனுப்பிய இடம்தான் அது. '3 நிமிடம்'னு காட்டினா ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. 3 அப்படியே நின்னு புள்ளியும் நகராம இருந்தா, அந்த வண்டியைக் கணக்கில் எடுக்காதீங்க.

குன்னூரிலிருந்து:

அண்ணா சொன்னதோட மெட்ரோவையும் சேர்த்துக்கறேன். சென்ட்ரல் ஸ்டேஷன் பெயர் இப்போ 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல்'. பட்டியலில் 'செ' வரிசையில் தேடினா கிடைக்காம போகலாம். கிண்டி, விமான நிலையம்னா நீல வழித்தடம். எழும்பூர், கோயம்பேடு, வடபழனின்னா பச்சை. ஆலந்தூருக்கு இரண்டுமே போகும், நீலம்தான் சுருக்கு.

கியூ.ஆர். டிக்கெட்டை உள்ளே போகவும் காட்டணும், வெளியே வரவும் காட்டணும். நாலு பேர் போனா ஒருத்தர் போனிலேயே நாலையும் வச்சுக்காம ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்குங்க, கேட்டில் நெரிசல் இருக்காது. திரை வெளிச்சத்தைக் கூட்டி, போனைக் கேட்டிலிருக்கும் ஸ்கேனர் கண்ணாடிக்கு மேலே ரெண்டு விரல்கடை உயரத்தில் அசைக்காம பிடிங்க. பணம் போயும் டிக்கெட் வரலைன்னா பதறி இன்னொரு தடவை கட்டாதீங்க. முதலில் பழைய டிக்கெட் பகுதியைப் பாருங்க.

தாம்பரம், செங்கல்பட்டு போக சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா ஸ்டேஷன். ஆப் ரோட்டைக் குறுக்கே வெட்டிக் கோடு போட்டாலும் நீங்க சுரங்கப்பாதையில்தான் போகணும். ஆவடி, திருவள்ளூருக்கு சென்ட்ரலை ஒட்டியிருக்கும் மூர் மார்க்கெட் பக்கம். ரயில்வேயின் 'ரயில்ஒன்' ஆப்பில் பேப்பர் இல்லாத டிக்கெட்டை பிளாட்பாரத்தில் நின்னு எடுக்க முடியாது. ஸ்டேஷனுக்கு வெளியே எடுங்க, இல்லாட்டி சுவரில் ஒட்டியிருக்கும் கியூ.ஆரை ஸ்கேன் பண்ணுங்க. புறநகர் டிக்கெட் எடுத்த 1 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கணும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

கூடலூரிலிருந்து:

அக்கா, அம்மாக்களுக்கு ஒண்ணு. நம்ம மாவட்டத்தில் 2024-இல் வந்த மகளிர் இலவசப் பயணம் சென்னை சாதாரணக் கட்டணப் பஸ்ஸிலும் உண்டு. ஆப் முதலில் வரும் வண்டியைத்தான் மேலே காட்டும், அது டீலக்ஸாகவோ ஏ.சி.யாகவோ இருந்தா காசு கட்டணும். அவசரமில்லைன்னா முன்பக்கம் இளஞ்சிவப்பு அடிச்ச வண்டிக்கு நில்லுங்க. அதுக்கு ஆப்பில் டிக்கெட் போட வேண்டாம், நடத்துநரே கட்டணமில்லாச் சீட்டைக் கிழிச்சுத் தருவார்.

திரும்பும்போது ராத்திரி ரயிலுக்கு மெட்ரோவிலேயே வாங்க. சாயங்கால நெரிசலில் ஆப் சொல்லும் பஸ் நேரம் போகப் போகக் கூடிக்கிட்டே இருக்கும். மெட்ரோவிலிருந்து மேலேறி, மூட்டையோட பிளாட்பாரம் சேர 15 நிமிடம் தனியா வச்சுக்குங்க. அந்த நடையை ஆப் குறைச்சுத்தான் காட்டும்.