விலங்குப் பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், அதன் ஓசையை எப்படிக் காட்டுவது?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 19 பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு வகுப்பில் பாட்டுக்குக் குறையே இல்லை. அதிலும் விலங்குப் பாட்டு என்றால் பிள்ளைகளுக்கு உயிர். சென்ற வாரம் நானே நான்கு வரி எழுதி, சார்ட்டில் படமும் வரைந்து மாட்டினேன்.

ஆனைக்குத் தும்மல் வந்ததாம்
அரசமரம் ஆடி நின்றதாம்
பூனைக்குத் தூக்கம் கெட்டதாம்
புளியமரம் ஏறிக் கொண்டதாம்

முதல் வரியிலேயே வகுப்பு முழுக்கத் தும்மித் தீர்த்தது. மூன்றாம் நாள் எல்லாருக்கும் மனப்பாடம். "இதில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டேன். "ஆனை" என்றார்கள், படத்தைக் காட்டி. "இதைப் போலவே ஒரு வரி சொல்லுங்கள்" என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்லோடு சொல் இசைவதால்தான் இது பாட்டாகிறது என்பதை ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது? எதுகை, மோனை என்று பலகையில் எழுதி இலக்கணமாக நடத்த எனக்கு மனம் வரவில்லை.

புங்கமரத்தடி எழுதியது:

டீச்சர், உங்கள் பாட்டு நன்றாக இருக்கிறது. அதை இன்னும் சில நாள் கையில் வைத்து விளையாடுங்கள். அடுத்த பாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். 31 ஆண்டுகள் சின்ன வகுப்புகளிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாட்டைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திவிட்டால் பிள்ளையிடம் மனப்பாடம்தான் மிஞ்சும். பாட்டைக் கொஞ்சம் கெடுத்துக் காட்டினால்தான் அதன் கட்டு காதுக்குத் தெரியும்.

நான் செய்வது இதுதான். சார்ட்டைத் திருப்பி வைத்துவிடுவேன். படம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் காது வேலை செய்யாது. பிறகு தெரிந்த பாட்டையே ஒரு சொல்லை மாற்றிப் பாடுவேன். உங்கள் பாட்டில் பூனையை எடுத்துவிட்டு, "நாய்க்குத் தூக்கம் கெட்டதாம், புளியமரம் ஏறிக் கொண்டதாம்" என்று பாடிப் பாருங்கள். நாய் மரம் ஏறாது என்று உடனே சண்டைக்கு வருவார்கள். அது பொருள் பற்றிய சண்டை. வரட்டும். அடுத்து, "குரங்குக்குத் தூக்கம் கெட்டதாம்" என்று பாடுங்கள். குரங்கு மரம் ஏறும், பொருளில் பிழை இல்லை. ஆனாலும் ஏதோ ஒரு பிள்ளை முகத்தைச் சுளிக்கும். அந்த முகத்துக்காகக் காத்திருங்கள்.

என் வகுப்பில் இப்படி ஒரு நாள், பின் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து "ஒட்டவில்லை சார்" என்றாள். அதிகம் பேசாத பிள்ளை. எது ஒட்டவில்லை என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக் காட்டினாள், பிறகு ஒரு கையை மட்டும் விலக்கினாள். அடியின் முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, அடுத்த எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்ததை அந்தப் பிள்ளை கையாலேயே சொல்லிவிட்டது. பெயர் பின்னால் வரட்டும், ஐந்தாம் வகுப்பில் வந்தாலும் போதும்.

இன்னொன்று. சிரிப்புப் பாட்டுதான் வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்காதீர்கள். கவிமணியின் வெள்ளைப் பசுப் பாட்டில் வேடிக்கை ஏதும் இல்லை. பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் அதையும் விடாமல் பாடுகிறார்கள். வரிக்கு ஒரு செயல், அதுவும் கண்ணால் பார்த்த செயல். சிரிப்பு வாசலைத் திறக்கும். உள்ளே பிடித்து உட்கார வைப்பது ஓசைதான்.

தூரிகை எழுதியது:

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். ஐயா படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னது எனக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்தால் சரிதான். பாட்டு சொன்னதையே படமும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

தும்மிய ஆனையை வரையாதீர்கள் டீச்சர். தும்மலுக்கு ஒரு நொடி முந்தைய ஆனையை வரையுங்கள். கண் பாதி மூடி, துதிக்கை மேலே சுருண்டு, வாய் திறந்து நிற்க வேண்டும். தும்மலைப் பிள்ளையின் வாய் போட்டுக்கொள்ளும். அப்படியே, பாட்டில் இல்லாத ஓர் உயிரையும் ஓரமாக வையுங்கள். உதிரும் அரசிலையைத் தலைக்குக் குடையாகப் பிடித்த அணில் போதும். "அணில் பாட்டில் இல்லையே" என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். "அப்படியானால் அதற்கு ஒரு வரி கட்டு" என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

மூன்றாம் மாடி எழுதியது:

நான் ஆசிரியை இல்லை, ஆறு வயதுப் பெண்ணின் தாய். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. எல்லாரும் ஓசையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் பாட்டை அவளுக்குப் படித்துக் காட்டியபோது, "அரசமரம் என்றால் என்னம்மா?" என்றாள். மரம் தெரியாத பிள்ளைக்கு அது ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன?

மாலையில் தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்கு அழைத்துப் போனேன். அரச இலைக்குக் காம்பு நீளம், நுனியும் வால்போல் நீண்டிருக்கும். எங்கள் மாடியில் துணி அசையாத காற்றுக்கும் அந்த மரம் சலசலத்துக்கொண்டிருந்தது. அவள் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஆனை எங்கேயோ தும்முகிறது" என்றாள். பாட்டோடு மரத்தையும் காட்டுங்கள்.

கரும்பலகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஐயா, குரங்கைப் போட்டுப் பாடினேன். நீங்கள் சொன்னபடியே நடந்தது, ஆனால் ஒரு பிள்ளை இல்லை, நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் "பூனை, பூனை" என்று கத்தினார்கள். ஏன் என்று கேட்டால், "ஆனைக்குப் பூனைதான் சேரும்" என்றான் ஒருவன். அப்புறம் ஆட்டுக்கு எது சேரும் என்று கேட்டேன். மாடு, வீடு, ஓடு என்று பலகை நிறைந்துவிட்டது. மணி அடிப்பதற்குள் இரண்டு வரி வந்தது.

ஆட்டுக்கு இருமல் வந்ததாம்
மாட்டுக்கு மருந்து தந்தாராம்

என் பங்கு இதில் ஒரு சொல்கூட இல்லை. வீட்டில் மாடு வைத்திருக்கும் பையன் சொன்னது. அவனே படமும் வரைந்திருக்கிறான். கொட்டம் எனும் மூங்கில் குழாயால் மாட்டுக்கு மருந்து புகட்டுகிறார்கள். மாடு பல்லை இறுக்கிக்கொண்டு, கண்ணை ஓரமாகத் திருப்பி ஆட்டைப் பார்க்கிறது.