படிவம் மூன்று முடிந்ததும் உங்களை எந்த வகுப்பில் போட்டார்கள்?

பழைய வயர்மேன், பாடாங் செராய்:

அக்கா மகன் இங்கே மலேசியாவில், கெடாவில், இந்த வருடம் படிவம் மூன்று, பதினைந்து வயது. போன வாரம் வந்து, "மாமா, வொக்கேஷனல் (தொழிற்கல்வி) போகட்டுமா, இல்லை இங்கேயே இருந்து சயன்ஸ் எடுக்கட்டுமா?" என்று கேட்டான். பதில் சொல்ல உட்கார்ந்தவன் என் சொந்தக் கதையில் போய் விழுந்துவிட்டேன். அதை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் கதையையும் போடுங்கள், அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

1992. படிவம் மூன்றின் அரசுத் தேர்வாக எஸ்.ஆர்.பி. எழுதிய கடைசிக் கூட்டம் நாங்கள்தான். மறு வருடம் அதற்குப் பதில் பி.எம்.ஆர். வந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். எனக்கு வந்த கடிதம் மலாயில் இருந்ததால் அப்பா அதைத் தோட்டத்து ஆபீசுக்கு எடுத்துப் போனார். கிராணி (ஆபீஸ் கிளார்க்) கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். "வொக்கேஷனல். படிப்பு ஏறாத பிள்ளைங்களுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சாயங்காலம் ஆறிலிருந்து பத்து மணி வரைக்கும்தான் கரண்ட். இஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட தாத்தா கையைத் தூக்கினால் வெளிச்சம், இறக்கினால் இருட்டு. அவரைவிடப் பெரிய ஆள் தோட்டத்தில் கிடையாது என்று நினைத்து வளர்ந்தவன் நான். அதனால் மின்சாரப் பிரிவு என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டேன்.

பட்டறையில் ஆரம்பத்திலேயே மாடிப்படி விளக்குக்கு வயரிங் செய்யச் சொன்னார்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எதைத் தட்டினாலும் விளக்கு எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். மாடிப்படியே இல்லாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு இது எதற்கு என்று முதலில் புரியவில்லை. சிக்கு (ஆசிரியர்) ஒருவர் பலகையில் மூன்று முறை பிரித்துப் பிரித்து மாட்டச் சொன்னார். இன்றைக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன். கை வேலையைப் பொறுத்தவரை அந்தப் பள்ளி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

குறை வேறு இடத்தில். படிவம் நான்கு முடிந்ததும் எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மின் வொக்கேஷனல் பிரிவு, இன்னொரு பக்கம் பயிற்சி முடித்து எம்.எல்.வி.கே. (தேசியத் தொழிற்பயிற்சி மன்றம்) சான்றிதழ் வாங்குகிறவர்கள். எந்தச் சான்றிதழ் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. எஸ்.பி.எம். என்ற பெயரைப் பார்த்து நான் அந்தப் பக்கம் போனேன். அப்பா தோட்டத்தில் சொல்லிக்கொள்ள வேண்டுமே!

1995இல் ஒரு குத்தகைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வீட்டுக்கு வயரிங் முடித்தால் இரண்டு பாரம் நிரப்ப வேண்டும். ஜி பாரம், வேலையை மேற்பார்த்து முடித்தாயிற்று என்பதற்கு. எச் பாரம், சோதனை செய்தாயிற்று என்பதற்கு. இரண்டும் போகாமல் தெனாகா (மின்சார நிறுவனம்) கரண்ட் கொடுக்காது. கையெழுத்துப் போட வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இப்போது அதைக் கொடுப்பது சுருஹான்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம். என்னிடம் இருந்ததோ பள்ளிச் சான்றிதழ். ஆக, வயரை இழுத்தது நான், கையெழுத்துப் போட்டது இன்னொருவர், காசு அவருக்கு. சிங்கிள் ஃபேஸ் தேர்வு எழுதிப் பாஸாக எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. த்ரீ ஃபேஸ் அதற்கும் அப்புறம். முதல் நாளே தெரிந்திருந்தால் இரண்டு வருடத்தில் முடிந்திருக்கும்.

தங்கை கதையும் கிட்டத்தட்ட இதுதான். சாதாரணப் பள்ளியில் கணக்கியல் எடுத்தாள், நல்ல மார்க். ஆனால் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் எல்.சி.சி.ஐ. (லண்டன் வணிகச் சபையின் கணக்குச் சான்றிதழ்) இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். சாயங்கால வகுப்புக்குப் போய் அதை வாங்கிய பிறகுதான் அவளுக்கு ஒரு மேசை கிடைத்தது.

தையல்காரி, சுங்கைப் பட்டாணி:

நான் 2006இல் படிவம் நான்கு. மார்க் வரிசையில் பிரித்த வகுப்புகளில் கடைசி வகுப்பு. எங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, பையன்களுக்கு வயரிங், பெண்களுக்குத் தையல் என்று பிரித்துவிட்டார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எங்களைத் 'தையல் கடை' என்று கூப்பிடுவார்கள். (இப்போது அதில் இரண்டு பேர் என் வாடிக்கையாளர்கள்.)

எங்கள் சிக்கு பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் உடை) வெட்டச் சொல்லிக் கொடுத்த விதத்தை மறக்க முடியாது. உடல், கை, பக்கத்தில் வைக்கிற பெசாக், அக்குளுக்குக் கீழே கெக்கெக். அந்தச் சின்னச் சதுரத் துண்டு இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது, துணி பிடித்துக்கொள்ளும். முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டச் சொல்வார். தாள் கிழியாமல் வந்தால்தான் துணியைத் தொடலாம். சேலை ப்ளவுஸ் மட்டும் அவருக்குத் தெரியாது, அதை என் சின்னம்மா சொல்லிக் கொடுத்தார். ஆனால் அளவெடுத்துத் தாளில் வரைந்து வெட்டுகிற பழக்கம் சிக்கு கொடுத்தது. சின்னம்மா கண் அளவில் வெட்டுவார், ஒன்று சரியாக இருந்தால் ஒன்று இறுக்கும்.

அண்ணன் சான்றிதழைப் பற்றிச் சொன்னார். எனக்குக் குறை, விலை போடச் சொல்லிக் கொடுக்காதது. முதல் தீபாவளிக்கு நாற்பது ப்ளவுஸ் தைத்தேன். லைனிங், கொக்கி, நூல், கரண்ட் எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதே பள்ளியில் இரண்டு கதவு தள்ளி வணிகப் பாடம் நடந்தது. அந்த டீச்சர் ஒரு மாதம் எங்கள் வகுப்புக்கு வந்திருக்கக் கூடாதா என்று இப்பவும் நினைப்பேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்:

இரண்டு கதவு தள்ளி என்று தங்கச்சி சொன்னது உண்மை. அந்த இரண்டு கதவைத் தாண்ட எங்களுக்கு நேர அட்டவணை இடம் கொடுக்கவில்லை. நான் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்க்கைத் திறன்) பாட ஆசிரியன். அதிலேயே தொழில்நுட்பம், குடும்பப் பொருளியல், விவசாயம், வணிகம் என்று நான்கு விருப்பப் பிரிவுகள் இருந்தன. விருப்பம் என்று பெயர்தான். பட்டறையில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை பேர். 2002இல் சாதாரணப் பள்ளிகளுக்கும் தொழிற்பாடங்கள் வந்தன. தங்கச்சி படித்தது அதுதான். நல்ல திட்டம். அதைக் கடைசி வகுப்பின் தலையில் கட்டியதுதான் தப்பு, அதை முடிவு செய்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

2020இலிருந்து படிவம் நான்கில் சயன்ஸ், ஆர்ட்ஸ் என்ற பிரிவு கிடையாது, பாடத் தொகுப்பாக எடுக்கலாம். ஆனால் தோட்டப்புறத்துச் சின்னப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் தொகுப்பு. மருமகனை முதலில் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கூலிம் ஷிப்ட்:

வயர்மேன் அண்ணே, உங்கள் காலத்து வொக்கேஷனல் பள்ளிகளை 2012இலிருந்து காலேஜ் ஆக்கிவிட்டார்கள். நான் 2016இல் சேர்ந்தேன், எலெக்ட்ரானிக்ஸ். இரண்டு வருடம் எஸ்.வி.எம். (மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழ்), அப்புறம் இரண்டு வருடம் டிப்ளோமா. சான்றிதழ் விஷயத்தில் ஒன்று சொல்லுகிறேன், தம்பி கவனமாகக் கேட்கட்டும். எஸ்.வி.எம்.மை எஸ்.பி.எம்.முக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் பட்டறையில் மட்டும் கெட்டியாக இருந்தால் போதாது. தொழிற்பாடத்தில் சராசரி 4.0க்கு 2.67, எல்லா மாடியூலிலும் தேர்ச்சி, பொதுப் பாடங்களில் 2.0, அதோடு மலாய் 1104 தாளில் கிரெடிட். என் ரூம்மேட் பிசிபியில் (மின்சுற்றுப் பலகையில்) சால்டர் வைத்தால் மெஷின் வைத்த மாதிரி இருக்கும். 1104இல் கோட்டை விட்டான். அதைத் திரும்ப எழுதிப் பாஸாகும் வரை அரசாங்க வேலைக்கு மனுவே போட முடியவில்லை.

இப்போது கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். மெஷின் நின்றால் பத்து நிமிடத்தில் எந்த சென்சார் என்று கண்டுபிடித்துவிடுவேன். ஷிப்ட் முடியும்போது அதை ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டும். முதல் மாதம் அந்த நாலு வரிக்கு அரைமணி நேரம் ஆனது, சூப்பர்வைசர் தலைக்கு மேலே நின்றார். பட்டறை இருந்த நாட்களில் ஆங்கில வகுப்பில் தூங்கியது நான்தான், பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன்.

லூனாஸ் அம்மா:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். என் பையனும் படிவம் மூன்றுதான், காடி இஞ்சின் என்றால் சோறு வேண்டாம். அவன் அப்பாவுக்கு வொக்கேஷனல் என்ற பேச்சே பிடிக்கவில்லை. எனக்கு ஒரே கேள்வி. நாங்கள் சைவம். ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி?

கூலிம் ஷிப்ட்:

அக்கா, என் ஹாஸ்டலில் சைவம் என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் காய்கறி தனியாக எடுத்து வைப்பார்கள். முட்டை இருக்கும், பருப்பு இருக்காது. ஊறுகாய் கொடுத்து அனுப்புங்கள். ஆனால் வாரக்கடைசியில் மொத்த அறையும் சேர்ந்து அதைக் காலி பண்ணிவிடும்.

பழைய வயர்மேன், பாடாங் செராய்:

லூனாஸ் அக்கா, இங்கே கெடாவில் வெள்ளி, சனி பள்ளி லீவு, போனால் பட்டறை பூட்டியிருக்கும். அதனால் வரும் வியாழக்கிழமை காலையில் மருமகனைக் கூட்டிக்கொண்டு ஒரு காலேஜைப் பார்க்கப் போகிறேன். போன் பண்ணிக் கேட்டேன், பட்டறையைத் திறந்து காட்டுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோமொபைல் பிரிவும் அங்கே உண்டு. என் வேனில் பின் சீட்டை மடக்கி ஏணி வைத்திருக்கிறேன், அதை இறக்கிவிட்டால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். உங்கள் பையனையும் அவன் அப்பாவையும் ஏழு மணிக்கு லூனாஸ் முச்சந்தியில் நிற்கச் சொல்லுங்கள்.