கூடைப்பந்து நிர்வாகத்துக்கு எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பி இந்த வருடம் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறான். ஆடுவதைவிட, யார் எங்கிருந்து எறிந்தார்கள், எத்தனை விழுந்தது என்று கட்டம் போட்ட நோட்டில் குறித்து வைப்பதில்தான் அவனுக்கு உயிர். செம்பனை லாரிப் புழுதி படிந்த நோட்டுகள் 6 சேர்ந்துவிட்டன.

சாம் பிரெஸ்டி 2000-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் ஸ்பர்ஸ் அணியில், வேலை பழகும் ஊழியராக (இன்டர்ன்) சேர்ந்து, 2007-இல் சியாட்டில் அணியின் பொது மேலாளர் ஆனவர். பின்னாளில் அதே லீக்கின் டொராண்டோ அணி நிர்வாகத்தை நடத்திய மசாய் உஜிரி, சம்பளமே இல்லாமல் ஆட்டக்காரர்களைத் தேடும் வேலையில் தொடங்கியவர். தம்பி இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான். “சரி, இங்கிருந்து எப்படிப் போவது?” என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

விளையாட்டு நிர்வாகமா, புள்ளியியலா, எதைப் படிக்கச் சொல்வது? ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ ஆட்டக் கணக்கு எழுத ஆள் சேர்க்கும் கிளப் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சம்பளம் வேண்டாம், பஸ் காசு நான் தருகிறேன்.