பொது டிரைவில் எல்லாமே 'பைனல்' டிராயிங்! பைலுக்கு எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்?

பம்ப்_டிசைன்:
வணக்கம். பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். டிராயிங், டெஸ்ட் ரிப்போர்ட், வேலைமுறைத் தாள் எல்லாம் ஒரே பொது டிரைவில் கிடக்கிறது. கேசிங் (பம்பின் வெளிக்கூடு) என்று தேடினால் 'கேசிங் பைனல்', 'கேசிங் பைனல் புதுசு', 'கேசிங் பைனல் கரெக்‌ஷன்' என்று வருகிறது, எதை வைத்து மெஷின் ஷாப்பில் வேலை ஓடுகிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போன மாதம் பழைய ரிவிஷனை, அதாவது திருத்தத்துக்கு முந்தைய டிராயிங்கைப் பார்த்து போரிங் போட்டு (துளை குடைந்து) ஒரு லாட்டே ஸ்கிராப். மாடல், கஸ்டமர், பாகம், தேதி, வரைந்தவர் இனிஷியல் எல்லாம் பைல் பெயரிலேயே வர வேண்டும் என்கிறார் மேனேஜர். இது சரிப்படுமா?

டிராயிங்_போர்டு:
தயவுசெய்து வேண்டாம். அதே கேசிங் நாளைக்கு இன்னொரு மாடலுக்கும் போகும், கஸ்டமரும் மாறுவார், அப்போது பெயரை மாற்றப் போய் அசெம்பிளியை (பாகங்களைச் சேர்த்த முழு டிராயிங்கை) திறந்தால் பாகத்தையே காணோம் என்று நிற்கும், ஏனென்றால் கேட் (CAD, கம்ப்யூட்டரில் டிராயிங் வரையும்) சாப்ட்வேர் பெரும்பாலும் பைல் பெயரையும் இடத்தையும் வைத்துத்தான் பாகத்தைத் தேடுகிறது. என்றைக்கும் மாறாதது மட்டும் பெயரில் இருக்கட்டும்: ஓர் எண், சின்னத் தலைப்பு. '10472 கேசிங்', அவ்வளவுதான். எண்ணுக்குள் அர்த்தம் எதையும் புதைக்காமல் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போங்கள், மற்ற விவரமெல்லாம் ஒரு எக்ஸெல் பதிவேட்டில். எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ஏ, பி, சி போன்ற ரிவிஷன் எழுத்து ஷாப்புக்குப் போகும் பிடிஎஃப் பெயரில் மட்டும் வந்தால் போதும். அதிலும் ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆறையும் விட்டுவிடுங்கள். டிராயிங் திருத்தத்துக்கான அமெரிக்கத் தரநிலை ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.35 சொல்வதும் அதுதான், பிரிண்டில் ஐ எது, ஒன்று எது என்று யாருக்கும் தெரியாது.

சர்வர்_ரூம்:
டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குத் தேதி வேண்டும், சோதித்த நாள் மாறப்போவதில்லையே. தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 8601 முறையில் 2025-03-07 என்று எழுதினால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். 07-03-2025 என்று போட்டால் எல்லா மாதத்து ஏழாம் தேதியும் ஒரே இடத்தில் வந்து குவியும். அப்புறம், போல்டருக்குள் போல்டராகப் போகாதீர்கள். விண்டோஸில் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் இன்றைக்கும் பல சாப்ட்வேர் பைலைத் திறக்காது.

க்யூசி_மேசை:
பெயர் ஒழுங்கானாலும் அந்த ஸ்கிராப் திரும்ப வரும், பழைய பிரதி ஆபரேட்டர் கைக்கு எட்டுகிற வரை. 'வேலையில்', 'வெளியிட்டது', 'பழையது' என்று மூன்று போல்டர் போடுங்கள். வெளியிட்டதில் பைல் போடும் அனுமதி ஒருவருக்கு மட்டும், அவர் லீவு என்றால் இன்னாரென்று இப்போதே எழுதி வையுங்கள். ஷாப் கம்ப்யூட்டரில் அந்த ஒரு போல்டர் மட்டும் தெரியட்டும். தர மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001:2015-இன் 7.5.3 பிரிவு கேட்கிற கட்டுப்பாடும் இதுதான். லேத் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு தொங்குகிறதே ஒரு பிரிண்ட், அதை மறக்காதீர்கள். பழைய தாளைக் கையில் வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுக்க வேண்டும்.

பம்ப்_டிசைன்:
ரொம்ப நன்றி. இருக்கிற பழைய பைல் எல்லாவற்றுக்கும் எண் போட வேண்டுமா? மலை மாதிரி கிடக்கிறது.

டிராயிங்_போர்டு:
வேண்டாம். இப்போது உற்பத்தியில் ஓடுகிற பாகங்களுக்கு முதலில் போடுங்கள். மீதியை யாராவது திருத்தத் திறக்கும்போது போட்டுக்கொள்ளலாம். பழைய ரிவிஷனை அழித்துவிடாதீர்கள், எப்போதோ விற்ற பம்புக்கு ஸ்பேர் கேட்டு ஒருவர் வந்தால் அந்த டிராயிங்தான் வேண்டும்.