புதுப்பிப்பு: மதுரைக்குப் புதிதாக வந்த வெளிநாட்டு இளைஞர்களின் ஞாயிறு

வேலைக்காக மதுரை வந்திருக்கும் வெளிநாட்டு நண்பர்களுக்கு முன்பு எழுதிய ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தில் ஒரு திருத்தம். மீனாட்சியம்மன் கோயிலை மதியத்தில் போட்டிருந்தேன். தப்பு. 12.30 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4க்குத்தான் திறப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள்.

செல்போன் உள்ளே கூடாது. அரைக்கால் சட்டையும் ஆகாது. போனையும் செருப்பையும் எந்தக் கோபுர வாசலில் ஒப்படைத்தீர்களோ, அதே வாசலில்தான் திரும்ப வாங்க வேண்டும். கிழக்கே கொடுத்துவிட்டு மேற்கே வெளியேறினால், சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு சுற்ற வேண்டியதுதான். சித்திரை வெயிலில் பாதம் பொசுங்கிவிடும்! இந்து அல்லாதோர் மூலஸ்தானத்துக்குள் போக முடியாது, பிரகாரம் பார்க்கலாம்.

அங்கிருந்து திருமலை நாயக்கர் மகால் நடை தூரம். வழியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு இன்னொரு நாள், விடியற்காலையில்.