செயலியின் தோற்றத்தை சிஎஸ்எஸ்-இல் (பக்கத்தின் நிறம், எழுத்து, இடைவெளியைச் சொல்லும் மொழி) மாற்றியபோது நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

தறிநூல்:
எங்கள் பள்ளியின் மூடுல் தளம், அதாவது இணையவழிப் பாடத் தளம். அதன் பூஸ்ட் தீமில் (தோற்ற வார்ப்பு) நம் சொந்த சிஎஸ்எஸ்-ஐ எழுத ரா எஸ்சிஎஸ்எஸ் பெட்டி இருக்கிறதே, அதில் பள்ளியின் பச்சை நிறம், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் போட்டுக் கொடுத்தது. கணினி அறையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பட்டனைச் சத்தமாக வாசித்தாள்: "ப... யி... ற... சி." புள்ளியைக் காணோம்! எழுத்துக்கூட்டி வாசிக்கிற குழந்தை, திரையில் இருந்ததைத்தான் வாசித்தாள். பார்த்தால் லைன் ஹைட் (வரி உயரம்) 1, பட்டனின் உயரம் நிலையானது, கூடவே வெளியே நீள்வதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன். ஆங்கிலத்துக்கு அந்த இடம் போதும். நமக்கு மேலே புள்ளியும் கீழே கூ, ழு வளைவுகளும் வெட்டுப்படும். லைன் ஹைட்டை 1.6 ஆக்கி, ஹைட்டை மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) என்று மாற்றினோம், சரியானது. பெரியவர்கள் யார் கண்ணிலும் அது படவே இல்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மேசைவிளக்கு:
எங்களுடையது சம்பளச் செயலி, வெளியே வாங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு விளம்பரப் பட்டையை மறைக்க, 'மூன்றாவது பிள்ளை' என்று என்த்-சைல்டு போட்டு (பெட்டிக்குள் எத்தனையாவது உறுப்பு என்று எண்ணிப் பிடிப்பது) டிஸ்ப்ளே நன், அதாவது 'காட்டாதே', கொடுத்திருந்தார். புதுப் பதிப்பில் மேலே ஒரு வரி கூடியது. மாதக் கடைசி நாள் காலையில் கணக்குப் பிரிவு அக்கா போன் செய்கிறார்: "தம்பி, ஒப்புதல் பட்டனே இல்லையேப்பா." அன்று அதுதான் மூன்றாவது பிள்ளை.

ஆற்றுமணல்:
தறிநூல், எல்லாவற்றுக்கும் 1.6 வைத்தால் ஆங்கிலப் பக்கங்கள் தொளதொளவென்று ஆகிவிடும். பக்கத்தில் குறித்த மொழியைப் பார்த்துப் பிடிக்கும் லேங் செலக்டரில் தமிழுக்கு மட்டும் கொடுங்கள். என் அனுபவம் சின்னது: எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் சுற்றுக்கோட்டை அழகுக்காக அவுட்லைன் நன் போட்டு எடுத்திருந்த ஒரு செயலியில், மவுஸ் பிடிக்க முடியாத நண்பர் டேப் விசையைத் தட்டிக்கொண்டே, "இப்போது நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். அவுட்லைனை எடுக்கவே எடுக்காதீர்கள், ஃபோகஸ்-விசிபிளில் (விசைப்பலகையால் வந்து நிற்கும்போது பொருந்தும் விதி) தடித்த கோடு கொடுங்கள். அப்புறம் நிறங்களை ரூட்டில் (எல்லாவற்றுக்கும் மேலான விதி) மாறிகளாக, அதாவது பெயரிட்ட மதிப்புகளாக, வையுங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் 4.5:1 வெளிச்ச வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள், பள்ளிப் பச்சையில் வெள்ளை எழுத்து பல நேரம் தேறாது. மற்ற விதிகளை மீறவைக்கும் இம்பார்ட்டன்ட்டை அள்ளித் தெளிக்காமல், எந்தத் தொகுதி ஜெயிக்கும் என்று வரிசைப்படுத்தும் கேஸ்கேட் லேயரில் எழுதுங்கள், 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாமே ஏற்கின்றன.

மேசைவிளக்கு:
லேயர் யோசனை எங்களைப் போன்றவர்களுக்கு உதவாது, ஆற்றுமணல். விற்பவரின் சிஎஸ்எஸ் லேயருக்கு வெளியே இருந்தால், நாம் லேயருக்குள் எழுதும் சாதாரண விதி தோற்றுப்போகும். இம்பார்ட்டன்ட் போட்டால்தான் வரிசை தலைகீழாகி நம் விதி ஜெயிக்கும். உறுப்புகளுக்கு விற்பவர் வைக்கும் கிளாஸ் பெயர்கள் வேறு ஒவ்வொரு பதிப்பிலும் மாறுகின்றன. டேட்டா ஆட்ரிபியூட் (உறுப்பில் பதித்த தகவல் குறி), ஏரியா லேபிள் (திரைவாசிப்பான் படிக்கும் பெயர்) போன்ற கொஞ்சம் நிலையான பிடிகள் கிடைக்கின்றனவா என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

தறிநூல்:
லேங் செலக்டர் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் ஆங்கில மெனுவுக்குள் ஆசிரியர்கள் தமிழில் தட்டிய பாடத் தலைப்புகளுக்கு லேங் குறியே இல்லை. அங்கே மட்டும் 1.6-ஐ விட்டுவைத்திருக்கிறேன்.